எண்பதாம் கல்யாண ஃப்ளெக்ஸில் எதிரி விமானம்

போன வருஷம் தை மாசம், ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு மண்டபத்துல என் மாமனாருக்கு எண்பதாம் கல்யாணம் வச்சோம்.

அவர் விமானப்படையில, ஒரு ஸ்குவாட்ரன்ல, அதாவது போர் விமானப் பிரிவுல, இன்ஜின் மெக்கானிக்கா இருந்தவர். எங்க ராஜபாளையம் பக்கம் தெருவுக்கு நாலு பேர் ராணுவத்துல இருந்திருப்பாங்க. பேச ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. இவர் மட்டும் வாயே திறக்க மாட்டார். எனக்கோ கேள்வி கேக்காட்டி சோறு இறங்காது. தோசை சுட்டுப் போட்டுக்கிட்டே நைசா விஷயத்தைப் பிடுங்குவேன். அப்படித்தான் தெரிஞ்சுது, ஸ்குவாட்ரன்ல விமானம் மாறுமாம், ஆள் மாறுமாம், அதோட நம்பர் மட்டும் மாறாதாம். சண்டையில்லாத காலத்துல என்ன மாமா செய்வீங்கன்னு கேட்டேன். காலையில எல்லாரும் வரிசையா நடந்து ஓடுபாதையில கிடக்கிற கல்லு, ஆணியெல்லாம் பொறுக்குவாங்களாம். சின்னக் கல் ஒண்ணு இன்ஜினுக்குள்ள போனாலும் அம்புட்டுதானாம். சண்டையைப் பத்திக் கேட்டா மட்டும், "இன்னொரு தோசை வை ஆத்தா"ன்னு பேச்சை மாத்திருவார்.

விசேஷத்துக்கு அவரோட பழைய ஸ்குவாட்ரன் நண்பர்கள் மூணு பேர் வாரதாச் சொல்லியிருந்தாங்க. அந்தச் சந்தோஷத்துல என் வீட்டுக்காரர் மண்டப வாசல்ல பெரிய ஃப்ளெக்ஸ் கட்டிட்டார். மாமாவும் அத்தையும் சிரிக்கிற படம், பின்னால சீறிக்கிட்டு வர்ற போர் விமானம். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

காலையில மாமா பட்டு வேட்டியோட வெளிய வந்து அண்ணாந்து பாத்தார். முகம் செத்துப்போச்சு.

"ஏத்தா, இது நம்ம பிளேன் இல்லையே. அந்த நாட்டுக்காரன் பிளேன்."

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் நெட்ல அழகா இருந்ததை எடுத்துப் போட்டுட்டார் போல. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. யாருக்குத் தெரியப்போகுது, விடுங்க மாமான்னேன். அப்பத்தான் சொன்னார். சண்டையப்போ இதே ரக விமானம் அவங்க தளத்து மேல குண்டு போட்டுச்சாம். நண்பர்கள்ல ஒருத்தர் பதுங்குகுழிக்கு ஓடித் தப்பிச்சுட்டார். கூடவே ஓடிவந்த அவரோட உயிர்ச் சிநேகிதர் வந்து சேரலை. அன்னைக்கு வெடிச்சத்தத்துல தப்பிச்சவருக்கு இடது காதும் போயிருச்சாம். அவர்தான் இப்ப கோயம்புத்தூர்ல இருந்து வந்துக்கிட்டு இருக்கார்.

"அவன் கண்ணுல இது படக் கூடாதுத்தா." மாமா தானே ஏணியைத் தேடி இழுத்துட்டு வந்தார்.

என் வீட்டுக்காரர் அவங்களைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். சமையல்காரர்ட்ட கத்தியை வாங்கிக்கிட்டு நானே ஏணியில ஏறிட்டேன். கீழ எண்பது வயசு மாப்பிள்ளை ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கார். ஒரு கயித்தை அறுக்கிறதுக்குள்ள கார் வந்துருச்சு.

இறங்கினவங்கள்ல ஒருத்தர் கம்பை ஊனிக்கிட்டு அண்ணாந்து பாத்தார். மாமா ஓடிப்போய் அவரோட வலது காதுல, தெரியாம நடந்துபோச்சுன்னு கெஞ்சாத குறையாச் சொன்னார். நான் ஏணி மேலேயே அடுத்த கயித்துல கத்தியை வச்சேன்.

"ஏங் கண்ணு அதைக் கழட்டறே? இருக்கட்டும் உடு," அப்படின்னார் அவர் என்னைப் பாத்து. "அன்னிக்கு இது வந்தப்ப ஓடத்தான் நேரமிருந்துச்சு. இன்னிக்காச்சும் நின்னு பாத்துக்கறேன்."

பொறவு நாலு பேரும் அதுக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

பந்தியில பாயசம் ஊத்தும்போது என் வாய் சும்மா இருக்கலை. அவரோட வலது பக்கமாப் போய், குண்டு போட்டவங்க மேல கோவமே இல்லையான்னு கேட்டுட்டேன்.

"இல்லாம என்ன? ரொம்ப வருசம் இருந்துச்சு," அப்படின்னார். இலையில பாயசத்தை வழிச்சுக்கிட்டே, "அதை ஓட்டீட்டு வந்தவனும் உசுரோட இருந்தா, இந்நேரம் எம்பது ஆயிருக்கும் கண்ணு. மூட்டு வலிக்குதுன்னு எங்கயாச்சும் உக்காந்திருப்பான்," அப்படின்னார்.

பக்கத்து இலையில இருந்த மாமா கண்ணைத் துடைச்சுக்கிட்டார். பாயச வாளியைத் தூக்கிக்கிட்டு அடுத்த இலைக்குப் போயிட்டேன்.

இப்பல்லாம் டிவியில எல்லையில சண்டைன்னு செய்தி ஓடினா, நம்ம ஆளுகளுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதேன்னு பதறுற மனசு, அந்தப் பக்கம் யாரு வீட்டு மாமா உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுறாரோன்னும் சேத்தே பதறுது.