மேனேஜர் கேட்ட கேள்வி

புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். மூட்டைக்கு லேபிள் அடிக்க நான் எழுதிய பேட்ச் ஃபைல் என்ற சின்ன புரோகிராம், குஞ்சுத் தீவனமா முட்டைக்கோழித் தீவனமா என்று கேட்கும். ஒன்றோ இரண்டோ தட்ட வேண்டும். வெறும் என்டரை அழுத்தினால் முந்தைய பதிலையே எடுத்துக்கொள்ளும். ஒருநாள் மேனேஜர் கேள்வியைப் படிக்காமல் என்டரைத் தட்டினார். குஞ்சுத் தீவனம் முட்டைக்கோழி லேபிளோடு லாரி ஏறியது.

மூட்டைகள் திரும்பி வந்ததும், லோடுமேன்கள் முன்னால் மேனேஜர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்கம்மா, உங்களுக்குக் கண்ணு தெரியுதுங்களா?"

அவ்வளவு மரியாதையாகக் கேட்டதுதான் அதிகம் சுட்டது.

வேலையை விடும் வாரம் அந்த ஃபைலில் நாலு வரி சேர்த்தேன். வெறும் என்டர் இனி செல்லாது. லேபிள் அடிக்கும் முன் அவர் கேட்ட கேள்வியே ஆங்கில எழுத்தில் திரையில் வரும். ஆமாம் என்பதற்கு ஒய் தட்டினால்தான் பிரிண்டர் ஓடும்.

மூன்று வருடம் தினமும் தட்டியிருக்கிறார். போன வாரம் போன் செய்தார்.

"அந்தக் கேள்விய எடுத்து உட்ருங்கம்மா."

"எந்தக் கேள்விங்க?" என்றேன். "கொஞ்சம் சத்தமா படிங்க."