கேமராவைக் கெடுக்கச் சொன்ன மதாம்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், சாரம் பகுதியில் நான் வீட்டிலேயே கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துகொண்டிருந்தபோது, கடற்கரைப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு மதாம் கூப்பிட்டார். பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். மகன் பிரான்சில். கம்ப்யூட்டரும் மகன் அங்கிருந்து கொண்டுவந்து வைத்ததுதான். அது தானாகவே அப்டேட் ஆகிவிட்டதாம், அதிலிருந்து சத்தம் வரவில்லையாம். மத்தியானம் மகன் கூப்பிடுவார், குரல் கேட்டால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம் என்று வாசலிலேயே சொன்னார். முந்தானையால் ஒரு கன்னத்தை மூடியிருந்தார். பல்வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரையில் இருந்ததெல்லாம் பிரெஞ்சு. என் பிரெஞ்சு தெருப்பலகையோடு சரி. அவர் படித்துச் சொல்ல, நான் மவுஸைப் பிடித்தேன். டிரைவர் என்கிற மென்பொருளைப் பிரெஞ்சில் ‘பிலோத்’, அதாவது பைலட், என்கிறார்கள்.

“பழைய பைலட்ட எறக்கிடவான்னு கேக்குதும்மா” என்றார் மதாம். தாராளமாக இறக்கச் சொல்லுங்கள் என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

கோளாறு பெரிதில்லை. கேமராவிலேயே ஒரு மைக் இருந்தது. அப்டேட்டுக்குப் பிறகு அதன் டிரைவரும் சவுண்ட் கார்டின் டிரைவரும் மாமியார் மருமகளாகிவிட்டன; ஒன்று எழுந்தால் மற்றது படுத்துக்கொள்ளும். கேமராவைப் பிடுங்கிப் போட்டிருந்தால் அப்போதே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பாதி வேலையை விட்டுவிட்டு வர எனக்கு மனசு வராது. இரண்டையும் கழற்றி, சிடியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி, சாப்பாட்டையும் மறந்து ஒருவழியாகச் சேர்த்து வைத்தேன். சத்தமும் வந்தது, படமும் வந்தது. திரையில் மதாமின் முகம் தெரிந்தது, முந்தானை நழுவியிருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, மறுபக்கத்துக் கண் மூடாமல் இருந்தது.

“கேமராவ திரும்பக் கெடுத்துடும்மா” என்றார்.

பட்டினி கிடந்து செய்த வேலை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சாமான்களைப் பையில் போட ஆரம்பித்தேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். முகவாதம், தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மகன் புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இந்த முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவார். வாய் குழறுவதற்குப் பல் பிடுங்கியதாக மகனிடம் போனில் சொல்லிவைத்திருந்தார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. கேமராவை டிஸேபிள் செய்து நிறுத்திவைத்தேன்.

சொன்னபடி மகன் கூப்பிட்டார். குரல் தெளிவாகக் கேட்டது. கேமரா இன்னும் கெட்டுத்தான் கிடக்கிறது என்று மதாம் சொல்ல, அவர் விடவில்லை. அவரும் எங்கள் தொழில்தான் போலும். எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி, கேமரா பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றார். நான் கை காட்டித் தடுப்பதற்குள் மதாம் படித்துவிட்டார். பிரெஞ்சு வாக்கியத்தைப் பாதியில் விட அந்த டீச்சருக்கு வராது. ‘இந்தச் சாதனம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று அதில் இருந்ததை, அந்தக் குழறலிலும் முற்றுப்புள்ளி வரை திருத்தமாகப் படித்தார்.

அந்தப் பக்கம் மகன் அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“அது கெட்டுப்போகலம்மா. யாரோ நிறுத்திருக்காங்க. போடச் சொல்லுங்க.”

மதாம் என்னைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். போட்டேன்.

மகன் திரைக்கு வெகு அருகில் வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“எந்தப் பக்கம் வச்சு மெல்லுறீங்கம்மா?” என்று, பல் பிடுங்கியவரிடம் கேட்பதுபோலவே கேட்டார்.