இல்லாத கொலுசு

மலிவு இயர்போன்களைப் பற்றி எழுதும் பழக்கம் எனக்கு வேலையால் வந்தது. சிங்கப்பூரில் சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர் பிரிவில் இருக்கிறேன். காலையில் காதில் மாட்டினால் மாலையில்தான் கழற்றுவேன். ஆபீஸில் கொடுத்தது காதை நசுக்கியதால் சொந்தமாக ஒன்று வாங்கினேன். அது பிடிக்காமல் இன்னொன்று. அப்புறம் நிறுத்த முடியவில்லை. தேக்காவைச் சுற்றியுள்ள கடைகளில் கொத்தாகத் தொங்குபவை, ரோச்சோர் பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். விலை அதிகமானவற்றைத் தொட்டதில்லை. புங்கோலிலிருந்து ரயிலில் போகும்போதும் வரும்போதும் ஒரே பாட்டை மாற்றி மாற்றிக் கேட்பேன். கேட்டதை முகநூலில் ஒரு தமிழ்க் குழுவில் எழுதுவேன்.

எனக்கு அந்தத் துறையின் வார்த்தைகள் தெரியாது. அதனால் கேட்டது கேட்டபடி எழுதினேன். ‘தவிலில் தோல் கேட்க வேண்டும். வெறும் இடி கேட்டால் அது பாஸ் ஒலி இல்லை, வீக்கம்’ என்று ஒன்றைப் பற்றி எழுதினேன். ‘இதில் பாடுகிறவள் திரைக்குப் பின்னால் நிற்கிறாள்’ என்று இன்னொன்றைப் பற்றி. படித்தவர்கள் கடைக்குப் போய் வாங்கினார்கள், வந்து திட்டினார்கள், நன்றியும் சொன்னார்கள். என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான்.

ஒருநாள் என் நாத்தனார் ஒரு வீடியோவை அனுப்பினார். “அண்ணி, இவர் பேசுறது நீங்க பேசுற மாதிரியே இருக்கு” என்று கீழே எழுதியிருந்தார். திறந்தேன். என் ஆபீஸில் முன்பு பக்கத்து மேசையில் இருந்தவன். என்னைவிடச் சின்னவன். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் பழகிய குரல், கண்ணாடி மாதிரி தமிழ். “தவிலில் தோல் கேட்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு, நான் எழுத்தில் நிறுத்திய இடத்திலேயே நிறுத்தினான். பிறகு வீக்கம். பிறகு திரைக்குப் பின்னால் நிற்கிறவள். ஒரு வரி விடவில்லை.

அவன் ஆபீஸில் இருந்தபோது தன் அம்மாவுக்கு இயர்போன் வாங்க வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்டவன். சாப்பாட்டு நேரத்தில் ஐந்தாறை அவன் காதில் வைத்துக் காட்டினேன். “எல்லாம் ஒண்ணுதானே அக்கா” என்றான். அந்தக் காதுதான் இப்போது ஊருக்குப் பாடம் எடுத்தது.

திருட்டைக்கூடப் பொறுத்திருப்பேன். அடுத்த வாரம் என் பதிவின் கீழே முன்பின் தெரியாத ஒருத்தர், ‘அந்தத் தம்பியின் வீடியோவைப் பார்த்து அப்படியே எழுதுகிறீர்களே, கூச்சமாக இல்லையா’ என்று கேட்டார். அதற்கு விருப்பக்குறிகள் வேறு.

தேக்கா உணவுக்கடையில் சந்திக்கலாம் என்று அவனைக் கூப்பிட்டேன். வந்தான். எனக்கும் சேர்த்துத் தே தாரிக் வாங்கி வைத்தான்.

“தம்பி, அது நான் எழுதினது” என்றேன்.

“தெரியும் அக்கா. நெட்ல போட்டுட்டா எல்லாருக்கும் பொதுதான் லா. நீங்க எழுதுனா நூறு பேர் படிப்பாங்க. நான் சொன்னா ஆயிரக்கணக்கில போய்ச் சேருது. உங்களுக்குத்தான் நல்லது.”

“என் பேரைச் சொல்லலாமே.”

“சொன்னா வீடியோ ஃப்ளோ போயிடும் அக்கா.”

பையிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்து என் பக்கம் தள்ளினான். கடைக்காரர்கள் அவனுக்கு இனாமாக அனுப்பிய இயர்போன். “வச்சுக்குங்க, கேட்டுட்டு எழுதுங்க” என்றான். நான் எழுதினால் அவனுக்கு அடுத்த வீடியோ தயார். அதை அவன் மறைக்கக்கூட இல்லை.

தேநீரைத் தொடாமல் எழுந்தேன். டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு காலை தேக்கா ஈரச்சந்தைக்குப் போனேன். இரண்டு காதிலும் பொருத்திக்கொள்ளும் சின்ன மைக் ஒன்று என்னிடம் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு நடந்தால் நம் காது கேட்பது அப்படியே பதிவாகும். வலது பக்கம் ஆட்டுக்கறி வெட்டும் கட்டை. இடது பக்கம் மீன்கடையில் தண்ணீர் வீசும் சத்தம். முருங்கைக்காய்க்குப் பேரம் பேசும் அம்மா, ஈரத்தரையில் கிறீச்சிடும் தள்ளுவண்டி, முன்னால் வழி கேட்டுக்கொண்டே போகும் ஒரு மலாய்க்காரர். வீட்டுக்கு வந்து அதை ஒவ்வொரு இயர்போனிலும் கேட்டேன். ஒப்பீட்டை நேர்மையாக எழுதினேன். ஒலிப்பதிவையும் எல்லாரும் கேட்கும்படி சேர்த்துப் போட்டேன்.

பொய் ஒன்றே ஒன்றுதான். அவன் கொடுத்த இயர்போனைப் பற்றிய பத்தியில் இப்படி எழுதினேன்: ‘கறி வெட்டும் சத்தம் ஓய்ந்ததும், இடது பக்கம் தூரத்தில் ஒரு குழந்தையின் கொலுசு கேட்கும். மற்ற எதிலும் அது வராது. இதில் மட்டும் வருகிறது.’

கொலுசு கிடையாது. அங்கே குழந்தையே கிடையாது. எனக்கு அது நன்றாகத் தெரியும், நடந்தவள் நான்.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. என் குழுவிலேயே சிலர் கொலுசைக் கேட்டுவிட்டார்கள். ‘ஆமாம், புல்லரிக்கிறது’ என்று ஒருவர் எழுதினார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

காத்தோங்கில் இருக்கும் ஒரு பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், என் பதிவுகளைத் தவறாமல் படிப்பவர், தனியாகச் செய்தி அனுப்பினார். அந்த இயர்போனை வாங்கியிருக்கிறார். எத்தனை தடவை போட்டும் கொலுசு கேட்கவில்லை, காது போய்விட்டது போல, பாலிகிளினிக்கில் நாள் கேட்டிருக்கிறேன் என்றார். உடனே அவரைக் கூப்பிட்டேன்.

“ஐயா, உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல. கொலுசே இல்ல. ஒருத்தனைப் பிடிக்க நான்தான் எழுதினேன்.”

“அந்த வீடியோக்காரனா?” என்றார்.

“ஆமா.”

“அப்ப நான் யார்கிட்டயும் மூச்சு விடல லா. ஆனா பிடிக்கிறப்ப என்னையும் கூப்பிடணும்.”

அவன் வீடியோ வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, தலையை இடது பக்கம் சாய்த்து, “இதோ... கேட்கிறதா? ஒரு மழலையின் கொலுசு” என்றான். அத்தோடு விட்டிருந்தால் அது வெறும் திருட்டு. அவன் சொந்தமாகவும் ஒன்றைச் சேர்த்தான்: “வெள்ளிக் கொலுசு. உள்ளே இருக்கும் முத்துகள் உருள்வதுகூடத் தெரிகிறது.” அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பாட்டுக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பொறுமையாக இருந்தேன். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைக்காரர், ரசிகர்கள் சந்திப்பு என்று ஒரு சின்ன மண்டபத்தில் அவனைப் பேசக் கூப்பிட்டார். நானும் பெரியவரும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். என்னைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு நொடி சுருங்கியது, பிறகு மேடைச் சிரிப்பு வந்துவிட்டது. கேள்வி நேரத்தில் எழுந்தேன்.

“அந்தச் சந்தைப் பதிவு, அதுல கொலுசு வர்ற இடத்தைக் கொஞ்சம் காட்ட முடியுமா?”

மகிழ்ச்சியாகக் காதில் மாட்டிக்கொண்டான். எல்லாரும் கேட்க ஒலிபெருக்கியிலும் போட்டார்கள். கறி வெட்டும் சத்தம் ஓய்ந்தது. மீன்கடைத் தண்ணீர் சத்தம் வந்தது. அவன் விரலை உயர்த்தி, “இங்கே” என்றான்.

“அந்தப் பதிவை எடுத்தது நான். கொலுசுன்னு எழுதினதும் நான். அங்க கொலுசு இல்ல தம்பி. என் எழுத்தை எடுத்துக்கிறவங்க யாருன்னு பார்க்க நான் வச்சது.”

அவன் தண்ணீர் எடுத்துக் குடித்தான். “சில நுட்பமான ஒலிகள் சிலருக்குத்தான்...” என்று ஆரம்பித்தான். பெரியவர் உட்கார்ந்தபடியே, “இல்லாத கொலுசைத் தேடி நான் காது டாக்டர்கிட்டப் போக இருந்தேன் தம்பி” என்றார். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு பலர். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஒலிபெருக்கியை அணைத்தார். அவன் இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். அவன் காது மடல் சிவப்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்வையை எடுக்கவில்லை, எடுக்க மனமும் இல்லை.

குழுவில் நடந்ததை முழுதாக எழுதினேன். கொலுசு கேட்டவர்களில் சிலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். அவர்கள் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அவர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. என்னைக் கூச்சமில்லையா என்று கேட்டவர் தன் கருத்தைச் சத்தமில்லாமல் நீக்கினார். அதற்கு முன்பே நான் அதைப் படம் பிடித்து வைத்திருந்தேன், அதையும் போட்டேன்.

அவன் அந்த வீடியோக்களை எடுத்துவிட்டான். இப்போது போன் உறை, சார்ஜர் பற்றியெல்லாம் பேசுகிறான், குரல் மட்டும் அதேதான். போன மாதம் வாட்ஸப்பில் ஒரு நீளமான செய்தி அனுப்பினான். அம்மாவுக்கு விஷயம் தெரிந்து வருத்தப்படுகிறார்கள், ஒரு தடவை பேசலாமா அக்கா, தப்பு என் மேல்தான் என்று.

முழுவதும் படித்தேன். படித்துவிட்டேன் என்பதற்கான நீலக் குறி அவனுக்குப் போயிருக்கும். பதில் போடவில்லை. போடவும் போவதில்லை.