பெரியவர் நிக்கிறாரு

குன்னூரில் இருக்கும் நண்பன் எதற்காகப் போன் செய்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பான். "ஏன்டா, கேமையே அழிச்சுப்போட்டியாமா? அதுக்குள்ள வயசாயிருச்சா உனக்கு?" போர் அடித்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது முழுப் பொய்யுமில்லை. ஆரம்பத்தில் அந்தத் துப்பாக்கி விளையாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஒரு தீவு, ஒரு கூட்டம், கடைசிவரை உயிரோடு இருப்பவன் ஜெயிப்பான், அவ்வளவுதான். பிறகு மாதத்துக்கு ஒரு புதுச் சட்டை, புதுத் துப்பாக்கி, காசு கட்டினால் அதற்குத் தங்க முலாம் என்று ஆகிவிட்டது. கோழி வேஷம் போட்ட எவனோ ஒருவன் என்னைச் சுட்டுவிட்டு என் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று டான்ஸ் ஆடுவான். அப்போதே எனக்குப் பாதி வெறுத்துப்போயிருந்தது. மீதிப் பாதி போனது பயத்தில். அதைச் சொன்னால் குன்னூர்க்காரன் சிரிப்பான்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. எங்கள் எஸ்டேட் ஃபேக்டரிக்குக் கொழுந்து வரத்துக் குறைந்து, பல நாள் மெஷின் ஓடாது. நான் அங்கே தற்காலிக வேலையில் இருந்தேன். மெஷின் ஓடாத நாளில் எனக்கும் வேலை இல்லை. அண்ணனும் முன்பு அதே ஃபேக்டரியில் இருந்தவன்தான். இனி இது விடியாது என்று சொல்லி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். லயத்தில் அம்மாவும் நானும் மட்டும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளை மற்றவர்கள் லைன் வீடு என்பார்கள். எங்கள் குடும்பம் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தது, அதனால் எங்கள் வாயில் அது லயம்தான்.

அண்ணனும் நானும் குன்னூர்க்காரனும் ஒரு டீம். சொல்லப்போனால் அண்ணன் போனபிறகு நான் அவனோடு பேசியதே அந்த விளையாட்டுக்குள்தான். சாதாரணமாகப் போன் செய்தால் 'சாப்டியா' என்பதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச்சு வராது. கேமில் ஒருவன் முதுகை ஒருவன் காத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவோம். அந்தக் குரலுக்காகத்தான் கோழி வேஷத்தை எல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

லயத்தில் டவர் கிடைக்காது. மேல் காட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் நன்றாக எடுக்கும். அது பெயருக்குத்தான் தேயிலைக் காடு. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாது என்று நிர்வாகம் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டது. கவாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை இடுப்பளவில் நிற்காது, மரமாகிவிடும். இடையில் உண்ணிச்செடிப் புதர் வேறு. உள்ளே என்ன நின்றாலும் வெளியே தெரியாது.

என்ன நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பொழுது சாய்ந்தபின் எங்கள் பக்கம் யாரும் யானை என்று பெயர் சொல்ல மாட்டார்கள். பெரியவர் என்றுதான் சொல்வார்கள். "பெரியவர் ஓடைக்கிட்ட நிக்கிறாரு, சுத்திப் போங்க" என்பார்கள், ஊர்த் தலைவரைச் சொல்வது போல. இந்தச் சொல்லை அண்ணன் கேமுக்குள் கொண்டுவந்தான். ஹெல்மெட், கவசம், பெரிய துப்பாக்கி எல்லாம் வைத்திருக்கும் எதிரிதான் எங்களுக்குப் பெரியவர். ஆனால் சுடப்போகிறவனுக்கு எதற்கு மரியாதை? "பெரியவர் மாடியில நிக்கிறான், அடி" என்போம். யாராவது செத்தால் "சங்கு ஊதியாச்சு" என்போம். குன்னூர்க்காரனும் இதையெல்லாம் பிடித்துக்கொண்டான். பெரியவர் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

அன்று மழை விட்ட சாயங்காலம். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கேமில் புல்லுக்குள் படுத்திருந்தேன். இரண்டு காதிலும் இயர்போன். அந்த விளையாட்டில் காதுதான் எல்லாம், எதிரியின் காலடி எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் சுட வேண்டும். இடது பக்கம் கிளை ஒன்று முறிந்தது. திரையில் திரும்பிப் பார்த்தேன், ஒருவனும் இல்லை. மறுபடி முறிந்தது. எவ்வளவு தத்ரூபமாகச் சத்தம் வைத்திருக்கிறார்கள் என்று வியந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. பிறகு வாசனை வந்தது.

கேமில் வாசனை கிடையாது.

ஈரச் சாக்கும் பச்சைச் சாணமும் கலந்தது போன்ற வாடை. அது தெரியாத பிள்ளை எங்கள் லயத்தில் இல்லை. தலையைத் திருப்பத் தைரியம் வரவில்லை, கண்ணை மட்டும் திருப்பினேன். பாதை வந்து முடிகிற இடத்தில், தேயிலை மரங்களுக்கு நடுவே, கறுப்பாக ஒரு சுவர். அந்தச் சுவரில் காது அசைந்தது.

ஒரு காதிலிருந்து இயர்போனை மெல்ல உருவினேன். வாய் தானாக முணுமுணுத்தது. "அண்ணே, பெரியவர் நிக்கிறாரு."

"எங்கடா? எந்தப் பக்கம்?" குன்னூர்க்காரன் துள்ளினான். "அடிச்சுப்போடுடா! குண்டை வீசு!"



அப்போதுதான் கீழேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "தம்பி... ஏய் தம்பி! சோறு ஆறுது, வாடா!" தினமும் அப்படித்தான், கூப்பிட்டுக்கொண்டே தொட்டிவரைக்கும் ஏறி வந்துவிடுவாள். லயத்திலிருந்து மேலே வர ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. அதன் முனையில் அது நிற்கிறது. நான் கத்தலாம். மேலே இருந்து கத்தினால் அது மிரண்டு கீழேதான் ஓடும், கீழே அம்மா. கத்தாமல் இருந்தால் அம்மா அதன் காலடிக்கே வந்து சேருவாள். அவளுடைய போனுக்கு டவர் இல்லை. என் குரல் எட்டுகிற இரண்டு பேரில் ஒருவன் திருப்பூரில், ஒருவன் குன்னூரில்.

அம்மா மறுபடி கூப்பிட்டாள், முன்னைவிடக் கிட்டத்தில். திரையில் அண்ணனின் பெயர் மங்கி மறைந்தது. கேமை விட்டுப் போய்விட்டான். என்னைத் தனியாக விட்டுவிட்டானே என்று நினைத்தேன். கால்சட்டை நனைந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அம்மாவின் குரல் இன்னும் பக்கத்தில் கேட்டது. அது காதை விரித்து அந்தப் பக்கம் திரும்பியது. இதற்குள் எவனோ என்னைச் சுட்டிருக்கிறான். "போச்சு போ, உனக்குச் சங்கு ஊதியாச்சு" என்று குன்னூர்க்காரன் சலித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் நிஜச் சங்கு ஊதியது. ஃபேக்டரிச் சங்கு.

ஃபேக்டரி ஓடாத நாளில், இருட்டுகிற நேரத்தில் சங்கு ஊதினால் எங்களுக்கு ஒரே அர்த்தம். பெரியவர் இறங்கியிருக்கிறார், அவரவர் இருக்கிற இடத்தில் நில்லுங்கள். அம்மாவின் குரல் பாதியில் அறுந்தது. சங்கு நிற்கவே இல்லை. கீழேயிருந்து அந்தச் சத்தம் ஏறி வர, அது உடம்பைத் திருப்பிக்கொண்டு மேலே, என் பக்கமாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். தொட்டியின் மறுபுறம் ஏதோ உரசுகிற சத்தம், ஒரு பெருமூச்சு. பிறகு கிளைகள் முறிகிற சத்தம் சோலைக்காட்டுப் பக்கம் தேய்ந்து போனது.

இறங்கிப் போனால், பாதை நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் போய்த் தொட்டதும் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

ஃபேக்டரி வாட்ச்மேன் மாமா டார்ச்சோடு வந்துவிட்டார். "ஒங்கண்ணன்தான்டா ஃபேக்டரி லேண்ட்லைனுக்குப் போன் பண்ணுனான். பேச்சே வரல அவனுக்கு. சங்க ஊது மாமா, சங்க ஊது மாமான்னு ஒரே அழுவ."

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அண்ணனிடம் கேட்டேன். "நீ நிக்கிறாருன்னு சொன்னடா. கேமுக்குள்ள நாம நிக்கிறான்னுதான சொல்லுவோம்" என்றான்.

அதன்பிறகு தொட்டிப் பக்கம் போகவில்லை. கடைவீதியில் நல்ல டவர் இருக்கிற இடத்தில், வெட்ட வெளிச்சத்தில், சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். இரண்டு காதையும் அடைத்துக்கொள்ள முடியவில்லை. எவனாவது பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டால் கேமில் திரும்பாமல் நிஜத்தில் திரும்புவேன். அங்கே சுவர்தான் இருக்கும், இருந்தும் அடுத்த சத்தத்துக்கும் திரும்புவேன். ஆடுவதைவிட அழிப்பது நல்லது என்று அழித்தேன்.

அன்றைக்கப்புறம் அண்ணனும் என்னை ஆடக் கூப்பிடவே இல்லை என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. பொங்கலுக்கு வந்தபோது பார்த்தால் அவன் போனிலும் கேம் இல்லை. "நீ ஏண்ணே விட்ட? ஒனக்கு அங்க என்ன பயம்?" என்று கேலியாகத்தான் கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. "அன்னிக்கு ஒன் மைக்ல அம்மா கூப்புட்டது எனக்கும் கேட்டுச்சுடா. கிட்ட, இன்னும் கிட்டன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இப்ப இயர்போன் மாட்டுனா, யார் நடந்து வந்தாலும் அம்மா ஏறி வர்ற மாதிரியே இருக்கு."

உள்ளேயிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் இன்னொரு தடவை கூப்பிடுவதற்குள் இருவரும் எழுந்துவிட்டோம்.