பக்கத்து வீட்டு ஓர்கன்

நார்த்மீட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓர் ஒல்லாந்தர், ஓய்வுபெற்ற தச்சர். அவருடைய நாட்டில் தெருத்தெருவாகச் சக்கரம் சுற்றி வாசிக்கும் பெரிய ஓர்கன் ஒன்றை இரண்டு வருடமாகத் திருத்திக்கொண்டிருந்தார். பாட்டு முழுவதும் அட்டையில் துளைகளாக இருந்தது. ஆனால் துருத்தியில் எங்கோ காற்றுக் கசிந்ததால், ஓர்கன் இருமியதே தவிரப் பாடவில்லை.

ஒரு சனிக்கிழமை என் மனைவி ஊதுபத்தியைக் கொளுத்தி, துருத்தியின் மடிப்புகளை ஒட்டி மெதுவாகக் கொண்டுபோனாள். ஒரு மூலையில் புகை சட்டென்று விலகியது.

"இஞ்சையாலதான் போகுது. அவரிட்டச் சொல்லுங்கோ," என்றாள்.

அவர் அங்கே மெல்லிய ஆட்டுத்தோலை ஒட்டினார். மறுநாள் ஓர்கன் தெருமுனைவரை கேட்கப் பாடியது. அவர் பாதியில் நிறுத்தி, கண்களைத் துடைத்துக்கொண்டு, சக்கரத்தின் கைப்பிடியை என் மனைவியிடம் கொடுத்தார். அவள் அவசரமாகச் சுற்ற, பாட்டும் தலைதெறிக்க ஓடியது.