தெருமுனையில் மேளம்

குற்றாலச் சாரலோடு சேர்ந்து மேளச்சத்தம்! அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தேன்.

சிறுவயதில் எங்கள் தென்காசித் தெருவுக்கு அம்மன் கொடை, மாதா சப்பரம், தர்கா சந்தனக்கூடு என மூன்று ஊர்வலமும் வரும். மூன்றுக்கும் வாசிப்பது ஒரே மேளக்காரர்கள்தான். சத்தத்தை வைத்தே எந்த ஊர்வலம் என்று சொல்வதில் எனக்கும் அக்காவுக்கும் பயங்கரப் போட்டி.

ஒருநாள், "அம்மன்தாம்மா, சத்தியமா!" என்று கத்தினேன். அம்மா தேங்காய், சூடத்தட்டோடு வாசலுக்கு ஓடினாள். தெருமுனையில் திரும்பியது மாதா சப்பரம்! அக்கா கைகொட்டிச் சிரித்தாள். எனக்கு அழுகை முட்டியது. அம்மா அசரவே இல்லை.

"வாசலுக்கு வந்த தாயச் சும்மா அனுப்புததா? சூடத்தப் பொருத்துட்டி!"

இப்போது மேளம் நெருங்கிவிட்டது. என் மகள் ஜன்னலில் தொங்குகிறாள். "எந்தச் சாமிம்மா?"

"யாரா இருந்தா என்னட்டி? தட்ட எடு!"