மேகத்தின் வலது குளம்பு

குளம்பக்காவுக்கு உட்கார்ந்து டீ குடிக்க வராது. டம்ளரைக் கையில் வாங்கியதும் லாயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்துவிடுவாள். நடந்தபடியே ஒவ்வொரு கதவுக்கு மேலாகவும் எட்டிப் பார்த்து, உள்ளே நிற்கிற குதிரை எந்தக் காலில் பாரத்தைப் போட்டிருக்கிறது என்று கவனிப்பாள். பாதி டீ ஆறிப்போய்த் தரைக்குப் போகும். "அக்கா, இனிமே உங்க டீய நானே நேரா தரையில ஊத்திடறேன், டம்ளர் கழுவுற வேலையாவது மிச்சம்" என்பார் லாயக்காரர். அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அடுத்த கதவுக்குப் போய்விடுவாள்.

இப்படிக் கால் தரிக்காதவளைக் கட்டியவருக்குத்தான் படுத்த படுக்கையாகக் கிடக்கிற பாடு வந்து சேர்ந்தது.

அவர் லாடக்காரர். ஊருக்குள் அவரைக் குறடு என்பார்கள். குளம்பு வெட்டுகிற குறடு எதையாவது கவ்வினால் துண்டாக்காமல் விடாது. இவரும் ஒரு பேச்சைப் பிடித்தால் விடமாட்டார். தொழிலிலும் அப்படித்தான். "முன்னங்கால் ரெண்டும் ஒரு ஜோடி செருப்பு மாதிரி இருக்கணும்" என்பது அவர் கணக்கு. வெட்டுவார், அரத்தால் ராவுவார், கோணம் பார்க்கிற கருவியை வைத்துப் பார்ப்பார், எதிரே போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். மறுபடி வந்து குனிவார். இரண்டு குளம்பும் ஒரே அச்சில் வார்த்தது போல வந்த பிறகுதான் இடுப்பை நிமிர்த்துவார்.

அவருடைய பெருமைக்குப் பெரிய சாட்சி மேகம் என்கிற சாம்பல் நிறக் குதிரை. சவாரிப் பள்ளியில் பழக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஏறுவது அதன் மேல்தான். பிறவியிலேயே அதற்கு வலது முன்னங்குளம்பு கவிழ்த்து வைத்த டம்ளர் மாதிரி செங்குத்து. இடது குளம்பு தட்டு மாதிரி பரந்து படுத்திருக்கும். குறடு வலது குளம்பின் பின்பக்கத்தை, அதாவது குதியை, வெட்டி வெட்டி இறக்குவார். இடதுக்கு லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே தோல் துண்டு கொடுத்து ஏற்றுவார். பிறகு பார்த்தால் எது செங்குத்து, எது படுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளிக்காரம்மா வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார்.

அத்தனை வருஷமும் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் குளம்பக்கா. தலையைப் பிடிக்கிறவளுக்குக் கண் சும்மா இருக்குமா? வலது குதி இறங்கிய ஒவ்வொரு முறையும் மேகம் உதட்டை இறுக்குவதையும், மறுநாள் வட்டத்தில் திரும்பும்போது முன்னால் தடுக்குவதையும் பார்த்தாள். ஒரு தரம் சொல்லியும் பார்த்தாள்.

"ஏங்க, அதுக்குக் குதி இறங்கினா வலிக்குதோ என்னவோ."

"தலையப் பிடின்னா தலையப் பிடி" என்றார் அவர், குனிந்தபடியே.

பிடித்தாள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் தகரக்கூரை மேல் ஏதோ விழுந்த சத்தத்தில் மிரண்ட ஒரு குதிரை குறடைத் தூணோடு வைத்து நசுக்கிவிட்டது. இடுப்பெலும்பு உடைந்து கம்பி வைத்தார்கள். அதோடு குனிகிற வேலை போயிற்று. நடைச்சட்டத்தைப் பிடித்துக் குளியலறை வரைக்கும் போய்வருவதே பெரும்பாடு. வேன் சாவி, தோல் ஏப்ரன், குறடு, கத்தி, அரம் எல்லாம் குளம்பக்கா கைக்கு வந்தன. முதலில் அவர் வெட்டுகிற மாதிரியேதான் வெட்டினாள். மற்ற குதிரைகளில் அது சரியாகவே வந்தது. மேகத்திடம் வந்தபோதுதான் கை நின்றது. வலது குதியை வெட்டாமல் விட்டாள். அடுத்த முறை லாடத்தையே கழற்றிவிட்டாள். அடிப்பக்கத்து உயிருள்ள தோல் எங்கே இருக்கிறதோ அதற்குச் சமமாக ஓரத்தை மட்டும் நறுக்கி, ஒவ்வொரு காலையும் அதன் போக்கில் விட்டாள். மேகம் தடுக்குவதை நிறுத்தியது. பள்ளிக்காரம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "பாக்கறதுக்கு ஒண்ணு அக்காவும் ஒண்ணு தம்பியும் மாதிரி இருக்கும்மா" என்றார்.

வெளியே இப்படியென்றால் வீட்டில் வேறு கதை. குறடு படுத்திருந்தாரே தவிர ஓய்ந்திருக்கவில்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே இருப்பார். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை தொடங்கும். எந்தக் குதிரை, எந்தக் கால், எவ்வளவு. அதுவும் போதாமல், வெட்டின குளம்புத் துண்டுகளைப் பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். படுக்கையில் பழைய துணியை விரித்து, துண்டு துண்டாக எடுத்து, கனம் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இதுல ஈரம் அதிகம், கொட்டடியக் கூட்டுறதே இல்ல போலிருக்கு" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

"மேகத்தோட குதிய இறக்கினியா?"

"இறக்கினேன்."

முதல் பொய்யைச் செருப்பை ஓரமாக அடுக்கிக்கொண்டே சொன்னாள். பிறகு பழகிவிட்டது. ஆனால் பொய்க்குத் துண்டு வேண்டுமே. வலது குளம்பு மேகத்துக்கு வெளிறின நிறம். அதே லாயத்தில் வெளிர்க் குளம்புள்ள பழுப்புக் குதிரை ஒன்று இருந்தது, லாடம் போட்டது. அதன் துண்டுகளை எடுத்துவந்து மேகத்தினுடையது என்று கொடுத்துவந்தாள். அவர் தடவிப் பார்த்துத் தலையாட்டும்போதெல்லாம் அவளுக்கு அந்த அறையில் நிற்க முடியாது. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி வெளியே வந்துவிடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

பழுப்புக் குதிரையை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து மேகம் மறுபடி தடுக்க ஆரம்பித்தது.

லாயக்காரர்தான் சொன்னார். "அக்கா, நேத்து ஒரு பொண்ணு மேகத்து மேல இருந்துச்சு. திரும்பற எடத்துல குதிர மொத்தமா முன்னால சாஞ்சிடுச்சு. பொண்ணு விழல, ஆனா பயந்துருச்சு."

காலைத் தூக்கிப் பார்த்தாள். குதி சரியாக இருந்தது, முன் நுனி சரியாக இருந்தது. கொஞ்சம் ராவினாள். நடக்கவிட்டுப் பார்த்தாள். மறுநாள் வேறு லாயத்துக்குப் போக வேண்டியவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு இங்கேயே வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருப்பாள், குளம்பின் ஓரத்தைத் தடவுகிற மாதிரி. அவர் செய்தது சரி, நான் கெடுத்துவிட்டேனோ என்று ஒரு மனசு. இல்லை, அவர் வெட்டினபோதும் தடுக்கத்தானே செய்தது என்று இன்னொரு மனசு. கேட்கலாமென்றால் கேட்கக்கூடிய ஒரே ஆளிடம்தான் பொய் சொல்லிவைத்திருக்கிறாள்.

அந்த நிலைமையில்தான் அவசரத்தில் மேய்ச்சலில் நின்ற ஒரு வெளிர்க் குளம்புப் பெட்டைக் குதிரையின் துண்டுகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அது லாடமே போடாத குதிரை என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

குறடு துணியை விரித்தார். ஒரு துண்டை எடுத்தார், வைத்தார். இன்னொன்று. பிறகு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார், குளம்பின் வளைவு வருகிற மாதிரி.

"ஆணித் துளை எங்க?" என்றார்.

அவள் கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"லாடம் போட்ட குளம்புல ஓரத்த வெட்டினா துண்டுல ஆணித் துளை இருக்கணும். இதுல இல்ல. இது மேகமா?"

"இல்ல."

"மேகத்துக்கு லாடம் இருக்கா?"

"இல்ல."

"எப்ப இருந்து?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குதியை வெட்டாமல் விட்டது, லாடத்தைக் கழற்றியது, நன்றாக இருந்தது, இப்போது தடுக்குவது. சொல்லி முடிக்கும்வரை கதவின் தாழ்ப்பாளை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருந்தாள். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் துணியை நான்காக மடித்துத் துண்டுகளோடு சேர்த்து அவளிடம் நீட்டினார்.

"நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ."

டாக்டர் வண்டியில் ஏறக் கூடாது என்றிருக்கிறாரே என்று இழுத்துப் பார்த்தாள். குறடு ஒற்றைக் காலில் நின்றார். அந்த மனிதரைப் பற்றி அப்படிச் சொல்லும்போது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

காலையில் லாயக்காரர் வீட்டுக்கே வந்து ஒரு பக்கம் தாங்கினார். வேனின் முன் இருக்கையைச் சாய்த்து, தலையணை கொடுத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் பல்லைக் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் ஓட்டினாள். லாயத்து முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பள்ளிக்காரம்மா வந்து நலம் விசாரித்தார். குறடு அவருக்குப் பாதி பதில்தான் சொன்னார். கண் மேகத்தின் கால் மேல் இருந்தது. செங்குத்தும் தட்டையுமாக நின்ற அந்த இரண்டு குளம்புகளைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கைக் குளம்பக்கா பார்க்க விரும்பவில்லை. ஏற்கெனவே கூர்மையாக இருந்த கத்தியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தாள்.

"நடத்து" என்றார் குறடு.

லாயக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையைச் சிமெண்டுத் தரையில் நடத்தினார். அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"இன்னொரு தரம். மெதுவா."

நடந்தது.

"இன்னொரு தரம்." இம்முறை குறடு கண்ணை மூடிக்கொண்டார். அவள் கத்தி தீட்டுகிற சத்தத்தைக் கையசைத்து நிறுத்தினார். குளம்பு தரையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உனக்குக் கேக்குதா?" என்றார். "இடது ஒரு சத்தம். வலது ரெண்டு. வெளி ஓரம் முதல்ல விழுது, அப்புறம்தான் உள் ஓரம். காலு பக்கவாட்டுல ஆடி ஆடி உக்காருது. தடுக்காம என்ன செய்யும்?"

அவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் போய்க் காலைத் தூக்கினாள். குதியின் நடுவிலிருந்து நேராகப் பார்த்தாள். வெளி ஓரம் உயரமாக இருந்தது. அதிகமில்லை, ஒரு நகக்கண் அளவு. இத்தனை நாளும் குதி, நுனி, குதி, நுனி என்று முன்னும் பின்னுமாகவே பார்த்துக்கொண்டிருந்தவள் பக்கவாட்டில் பார்க்கவே இல்லை. மனசுக்குள் அவரோடு போட்ட சண்டை முழுக்கக் குதியைப் பற்றியது. அதனால் கண்ணும் அங்கேயே நின்றுவிட்டது.

அரத்தை எடுத்து வெளி ஓரத்தில் மட்டும் இழுத்தாள். தூசு பறந்தது. காலை இறக்கிவிட்டாள். லாயக்காரர் நடத்தினார். வலதும் ஒரே சத்தமாக விழுந்தது.

ஆனால் குறடு விடுகிற ஆளா?

"இப்ப குதிய இறக்கு."

"மாட்டேன்" என்றாள் அவள்.

பள்ளிக்காரம்மா ஒரு அடி பின்னால் போனார். லாயக்காரர் குதிரையின் பிடரியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"அரத்த இப்படிக் குடு" என்றார் குறடு.

அவர் குனிய முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் குளம்பை ஏந்துகிற இரும்பு முக்காலியை இழுத்துவந்து அவர் நாற்காலிக்கு எதிரே வைத்தாள். மேகத்தைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, அதன் வலது காலைத் தூக்கி, குதி மேலே தெரிகிற மாதிரி மடக்கி முக்காலியில் தாங்கினாள். குளம்பு அவர் மடிக்கு நேராக வந்தது. அரத்தை அவர் கையில் கொடுத்தாள்.

குறடு அரத்தைக் குதியில் வைத்தார். இழுக்கவில்லை. எடுத்துத் தொடை மேல் வைத்துவிட்டுக் கட்டைவிரலால் குதியைத் தடவினார். ஓரத்திலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து ஓரத்துக்கு. ஓர் இடத்தில் அழுத்தினார். மேகம் காலைச் சுருக்கென்று இழுத்தது. அவள் தோளால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு முறை அழுத்தினார், மெதுவாக. மறுபடி இழுத்தது.

"இங்க வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றார்.

"இல்ல."

"முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சா?"

அவள் காலை மெல்ல இறக்கிவிட்டாள். அவர் இரண்டாவது தரம் கேட்கவில்லை. கையில் ஒட்டியிருந்த தூசைத் தட்டிவிட்டு அரத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும்போது வேன் பாதி வழி வந்திருந்தது. அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"குதி கெடக்கட்டும். வேற குதிரைத் துண்ட என் கையில குடுத்தியே. நான் அதத் தடவிப் பாத்து, நல்லா இருக்குன்னு சொல்ல, நீ கேட்டுட்டு நின்னியே."

"நெசத்தச் சொல்லியிருந்தா நிம்மதியா படுத்திருப்பீங்களா?"

"இப்ப மட்டும் நிம்மதியா இருக்கேனா?"

அந்த வாரம் முழுக்க இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பையில் துண்டு கொண்டுவரும்படி அவர் கேட்கவில்லை, அவளும் கொண்டுவரவில்லை. வேலை முடிந்து வந்தால் அறைவாசலில் நின்று, உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு முகம் கழுவப் போய்விடுவாள்.

அப்புறம் ஒரு காலையில் அவள் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நடைச்சட்டம் தரையில் இடிக்கிற சத்தம் கேட்டது. குறடு சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நீ வெட்டு. நான் கேக்கறேன்" என்றார். "அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வேறு ஒன்றும் சொல்லமாட்டேன் என்றது அன்று மதியம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அது வேறு விஷயம். ஆனால் அன்றிலிருந்து எந்த லாயத்துக்குப் போனாலும் வேனிலிருந்து முதலில் இறங்குவது நாற்காலிதான். மேகத்தின் கால்கள் இன்னும் அக்காவும் தம்பியுமாகவே இருக்கின்றன. வட்டத்தில் திரும்பும்போது தடுக்குவதில்லை. குறடுக்கு அதைப் பார்த்தால் இன்னும் முகம் சுருங்குகிறது. குளம்பக்காவும் ஒன்றும் மாறிவிடவில்லை. புதிதாக ஒரு குதிரைக்கு வெட்டினால், குளம்பு வளர்ந்து விளைவைக் காட்டுகிறவரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. வழியில்லாத வழியில் வண்டியைத் திருப்பி அந்த லாயத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

போன வாரம் ஒரு மட்டக்குதிரை வந்தது. பின்னங்கால் இழுக்கிறது என்றார்கள். உள் ஓரம் என்றாள் அவள். வெளி ஓரம் என்றார் அவர். இன்னொரு தரம் நடக்கட்டும் என்றாள் அவள். வேண்டாம், நிற்கவைத்துக் காலைத் தூக்கு என்றார் அவர். கயிற்றைப் பிடித்திருந்த குதிரைக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முடிவா சொல்லுங்க, நடத்தவா, நிறுத்தவா?"

"நடத்துங்க" என்றாள் குளம்பக்கா. குறடு முணுமுணுத்துக்கொண்டே கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டார்.